வெள்ளியா வெள்ளையா: கடைவாய்ப் பல்லில் ஒரு பெரிய ஓட்டை

பல்லைப் பற்றி நாங்கள் இதுவரை எழுதினதில்லை. படம், புத்தகம், தேர்தல், பகிடிவதை எண்டு எல்லாம் எழுதியாச்சு. ஆனால் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிக்கிற நேரங்களில் திரும்பத் திரும்பக் கதைக்கிற சங்கதிகளில் பல்லும் ஒன்று. ஐஸ்கிறீமைக் கடிக்காமல் நக்கி மட்டும் சாப்பிடுகிற ஒருத்தர், ஒரு பக்கத்தால் மட்டும் சப்புகிற ஒருத்தர், இரவு இரண்டு மணிக்கு “பல்லுக்கொதி தாங்கேலாமல் கிடக்கு, ஆராவது முழிப்போ?” எண்டு குறூப்பில் மெசேஜ் போடுகிற ஒருத்தர். எங்களில் ஏழு பேர். ஐந்து பேருக்குக் கடைவாய்ப் பல்லில் அடைப்பு இருக்கு. மிச்சம் இரண்டு பேருக்கு அடைக்க வேண்டிய இடத்தில் பல்லே இல்லை, கழட்டியாச்சு. ஒருவருக்கும் இன்னும் முப்பது வயசு ஆகவில்லை.

இந்தக் கதைகளில் எப்பவும் வாற கேள்வி ஒன்று: “வெள்ளி அடைக்கிறதோ நல்லது, வெள்ளை அடைக்கிறதோ?” வெள்ளி எண்டு நாங்கள் சொல்லுறது அமல்கம். வெள்ளை எண்டு சொல்லுறது பெரும்பாலும் கொம்போசிட். இதுக்கு ஆளாளுக்குப் பதில் வைத்திருக்கிறோம். வெள்ளியில் பாதரசம் இருக்கு, அது நஞ்சு. வெள்ளை காசுள்ள ஆக்களுக்குத்தான். வெள்ளை கொஞ்ச நாளில் கழண்டு விழும். வெள்ளி பழங்காலச் சாமான். நாலிலும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஒன்றும் முழு உண்மை இல்லை. எங்களில் இரண்டு பேருக்குச் சில வருச இடைவெளியில், கிட்டத்தட்ட ஒரே மாதிரியான பெரிய ஓட்டைக்கு, இரண்டு விதமான அடைப்புப் போட்டார்கள். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும், அதுக்காகத் தேடி வாசித்தும் எங்களுக்கு விளங்கினதை எழுதுகிறோம்.

முதலில் எந்தப் பல்லு எண்டு சொல்ல வேணும். இரண்டு பேருக்கும் கீழ்த்தாடையின் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பல்லு. அது கிட்டத்தட்ட ஆறு வயசில் முளைக்கும். மற்றப் பல்லுகள் மாதிரி ஒரு பாற்பல்லு விழுந்து அந்த இடத்தில் வாறதில்லை. பாற்பல்லு வரிசைக்குப் பின்னால், ஒரு பல்லும் விழாமல், சத்தமில்லாமல் வந்து நிற்கும். விழாமல் வந்தபடியால் வீட்டில் அதையும் பாற்பல்லு எண்டே நினைப்பினம். சூத்தை வந்தாலும் “விழுந்து முளைக்கும்தானே” எண்டு விட்டுவிடுவினம். அது விழுகிற பல்லு இல்லை. போனால் அந்த இடத்தில் இன்னொன்று வராது. மேற்பரப்பில் ஆழமான வெடிப்புகள் உள்ள பல்லு அது, முதலாம் இரண்டாம் வகுப்பில் பணிசும் இனிப்பும் சாப்பிடுகிற வயசில் வாயின் கடைசி மூலையில் நிற்கும். பிரஸ் அவ்வளவு தூரம் போறது குறைவு.

வாயில் உள்ள பக்டீரியாக்கள் சீனியைத் தின்று அமிலம் விடும். pH 5.5 அளவுக்குக் கீழே போனால் பல்லின் மிளிரி கரையத் தொடங்கும். மிளிரிக்கு உள்ளே இருக்கிற பன்முதல் அதைவிட மென்மை, அதால் சூத்தை உள்ளே போன பிறகு பக்கவாட்டில் பரவும். வெளியில் ஒரு கறுப்புப் பொட்டுத்தான் தெரியும், உள்ளே குகை. ஒரு நாள் எதையாவது கடிக்கேக்க மேலே இருக்கிற கூரை உடையும். எங்கட ஆக்களில் ஒருவருக்குக் கச்சானிலும் மற்றவருக்கு முறுக்கிலும் உடைந்தது. இரண்டு பேரும் முதலில் சாப்பாட்டில் கல்லு எண்டு நினைத்துத் துப்பினவை.

சின்ன ஓட்டைக்கும் பெரிய ஓட்டைக்கும் உள்ள வித்தியாசம் அளவில் மட்டும் இல்லை. சின்ன ஓட்டை, சுவரில் ஆணி அடித்த துளை மாதிரி. எதைக் கொண்டு அடைத்தாலும் சுவர் நிற்கும். பெரிய ஓட்டை எண்டால் சுவரே இல்லாமல் போயிருக்கும். கடைவாய்ப் பல்லில் நாங்கள் பலமாகக் கடிக்கிற விசை ஒரு ஆளின் பாரத்துக்குக் கிட்ட வரலாம். நாலைந்து முகடுகளில் இரண்டு போய், மிச்சம் மெல்லிய தகடாக நிற்கேக்க, நடுவில் வைத்த அடைப்பு ஒவ்வொரு கடிக்கும் ஆப்பு மாதிரி அந்தத் தகடுகளை வெளியே தள்ளும். அதால் “எந்தச் சாமான் நல்லது” எண்ட கேள்விக்கு முன்னம் வேறு இரண்டு கேள்விகள் இருக்கு. எவ்வளவு பல்லு மிச்சம் இருக்கு? ஓட்டையின் அடி எங்கே முடியுது?

எங்கட முதலாவது ஆளுக்கு இது நடந்தது சில வருசத்துக்கு முன்னம், ஒரு அரச ஆஸ்பத்திரியில். விடியக் காலமை போய்த் துண்டு எடுத்து, சனத்தோட சனமாக வாங்கில் இருந்து, பத்து மணிக்குப் பிறகுதான் உள்ளே போனவ. எக்ஸ்ரே பார்த்த டொக்டர் நரம்புக்கு இன்னும் போகேல்லை எண்டு சொன்னார், அது நல்ல செய்தி. ஆனால் பின்பக்கச் சுவர் உடைந்து முரசுக்குக் கீழே போயிருந்தது. எங்கட ஆள் வெள்ளைதான் வேணும் எண்டு கேட்டா. வீட்டில் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம். கீழ்க் கடைவாய்ப் பல்லு சிரிக்கேக்க தெரியும், அம்மா அதையே நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவ. டொக்டர் கோவிக்காமல் விளங்கப்படுத்தினார்: “தங்கச்சி, வெள்ளை ஒட்டவேணும் எண்டால் இடம் காய்ஞ்சு இருக்கவேணும். உங்களுக்கு அடியில இரத்தம் கசியுது. வெள்ளி எண்டால் கொஞ்சம் பொறுக்கும். இண்டைக்கு இந்தப் பல்லு நிக்கிறதோ வடிவாத் தெரியிறதோ முக்கியம்?”

வெள்ளி ஏன் பொறுக்கும்? அமல்கம் எண்டது வெள்ளி, வெள்ளீயம், செம்பு சேர்ந்த உலோகத் தூளைத் திரவப் பாதரசத்தோடு கலந்து செய்கிற களி. ஏ.எல். கெமிஸ்ற்ரியில் இரசம் எண்டு படித்த அதே சாமான்தான் நிறையில் கிட்டத்தட்ட பாதி. கலந்த உடனே மென்மையாக இருக்கும், ஓட்டைக்குள் அழுத்தி அழுத்தி அடைத்து, முகடும் பள்ளமும் செதுக்கலாம். சில நிமிசத்தில் இறுகத் தொடங்கும், முழுப் பலம் வர ஒரு நாள் அளவு எடுக்கும். அதனால்தான் “இண்டைக்கு அந்தப் பக்கத்தால சாப்பிட வேண்டாம்” எண்டு சொல்லி அனுப்புறவை. அது பல்லோடு ஒட்டுறதில்லை. வாய் ஒடுங்கி உள்ளே அகலமான குடம் மாதிரி ஓட்டையை வெட்டி, அந்த வடிவத்தால்தான் அதைப் பிடித்து வைக்கிறார்கள். ஒட்டத் தேவையில்லாதபடியால் கொஞ்சம் ஈரம் பட்டாலும் வேலை கெட்டுப்போகாது. காலப்போக்கில் ஓரங்களில் அரிப்புப் படிவுகள் சேர்ந்து, பல்லுக்கும் அடைப்புக்கும் இடையில் உள்ள நுண்ணிய இடைவெளியைத் தாமே மூடும். அதே குணம்தான் அதன் குறையும். பிடித்து வைக்கிற வடிவத்துக்காகச் சில நேரம் நல்ல பல்லையும் வெட்ட வேண்டி வரும்.

எங்கட ஆளுக்குப் பலவீனமாக இருந்த ஒரு முகட்டைக் குறைத்து, அதுக்கு மேலாலும் அமல்கத்தை மூடிக் கட்டினார்கள். கதிரையில் இருந்த நேரம் அரை மணித்தியாலம்கூட இல்லை. காசும் இல்லை. கறுத்த சாம்பல் நிறத்தில் இன்றைக்கும் அது அப்படியே நிற்குது. கலியாணமும் நடந்து முடிந்தது, அல்பத்தில் ஒரு படத்திலும் பல்லுத் தெரியவில்லை எண்டு அவவே தேடிப் பார்த்துச் சொன்னா.

பாதரசம் பற்றின பயம் புதுசு இல்லை. 1833 இல் ஐரோப்பாவில் இருந்து நியூயோர்க்குக்கு வந்த குறோக்கூர் சகோதரர்கள் இந்தக் களியைப் பெரிய விளம்பரத்தோடு விற்றபோதே அமெரிக்கப் பல் வைத்தியர்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. 1840 இல் உருவான அவர்களுடைய சங்கம் அமல்கம் பாவிக்க மாட்டோம் எண்டு உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கினது. பாவிக்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், 1856 இல் சங்கமே கலைந்துபோனது. 1890களில் ஜி.வி. பிளாக் எண்ட வைத்தியர் உலோகங்களின் அளவுகளைச் சோதித்துச் சீராக்கின பிறகுதான் அது நம்பிக்கையான சாமானாக மாறினது. அதன் பிறகு நூறு வருசமாக உலகத்தின் ஏழைகளுக்கும் பணக்காரர்களுக்கும் கடைவாய்ப் பல்லை நிறுத்தி வைத்தது அதுதான்.

வாயில் இருக்கிற அமல்கத்தில் இருந்து மிகச் சிறிய அளவு பாதரச ஆவி வாறது உண்மை. அது உடம்பைக் கெடுக்குமோ எண்டு சிறுவர்களில் செய்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2006 இல் வெளிவந்தன. ஒன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 534 பிள்ளைகளில், மற்றது போர்த்துக்கலின் லிஸ்பனில் 507 பிள்ளைகளில். சிலருக்கு அமல்கம், சிலருக்குக் கொம்போசிட் போட்டு ஐந்து முதல் ஏழு வருசம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அறிவுத்திறனிலோ நரம்புத் தொழிற்பாட்டிலோ அமல்கத்தால் கெடுதி வந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் 2020 இல் அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகள், பாலூட்டுற தாய்மார், ஆறு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள், சிறுநீரகக் குறைபாடோ நரம்பு நோயோ உள்ளவர்கள் ஆகியோருக்கு முடிந்தவரை புதிதாக அமல்கம் போடாமல் விடச் சொன்னது. அதே அறிக்கையில் இன்னொன்றும் சொன்னது: ஏற்கெனவே நல்லாக இருக்கிற அமல்கத்தைப் பயத்தில் தோண்டி எடுக்க வேண்டாம். தோண்டேக்கதான் ஆவி கூடுதலாக வரும், நல்ல பல்லும் சேர்ந்து போகும். யூரியூப் பார்த்துவிட்டுப் பழைய வெள்ளியைக் கழட்டி எறிய நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேணும்.

அப்படியெண்டால் உலகம் ஏன் வெள்ளியை விடுகுது? முக்கியமான காரணம் வாய்க்கு வெளியில் இருக்கு. கிளினிக் கழிவுத் தண்ணியோடு போற பாதரசம், குப்பையோடு போறது, உடலை எரிக்கேக்க புகையோடு போறது எல்லாம் கடைசியில் ஆற்றுக்கும் கடலுக்கும் வரும். நீரில் பக்டீரியாக்கள் அதை மெதைல் பாதரசமாக மாற்றும், அது மீனில் சேரும். யப்பானின் மினமாட்டாவில் தொழிற்சாலைக் கழிவால் நடந்தது இதன் கொடூரமான வடிவம். 1956 இல் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அந்த ஊரின் பெயரிலேயே 2013 இல் பாதரசத்துக்கு எதிரான உலக உடன்படிக்கை கையெழுத்தானது, 2017 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் சேர்ந்திருக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியில் இருந்து, விசேட மருத்துவக் காரணம் இல்லாமல் அமல்கம் போடுவதை நிறுத்திவிட்டது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடின நாடுகள் 2034 ஆம் ஆண்டோடு அமல்கத்தை உலகம் முழுக்க முடிவுக்குக் கொண்டுவர உடன்பட்டிருக்கு. தினமும் மீன் சாப்பிடுகிற ஒரு தீவில் இருக்கிற எங்களுக்கு இது நல்ல முடிவுதான். ஆனால் இந்த முடிவுக்கு ஒரு விலை இருக்கு. அது எங்களுக்கு விளங்கினது இரண்டாவது ஆளின் பல்லால்.

இவருக்குப் பல்லு உடைந்தது போன வருசம். போனது ஒரு தனியார் கிளினிக், அங்கே டொக்டர் அமல்கம் பாவிக்கிறதில்லை. ஓட்டை கிட்டத்தட்ட அதே ஓட்டை: பின்சுவர் இல்லை, அடி முரசுக்குப் பக்கத்தில். கதிரையில் இருந்த நேரம் ஒன்றரை மணித்தியாலம். கொம்போசிட் எண்டது பிசினும் மிக நுண்ணிய கண்ணாடித் தூளும் சேர்ந்த பசை. நீல வெளிச்சம் பட்டவுடன் பிசின் பல்பகுதியமாகி இறுகும். அதன் பெரிய பலம் ஒட்டுறது. 1955 இல் புவோனோகோர் எண்டவர் மிளிரியை அமிலத்தால் கொஞ்சம் கரைத்தால் பிசின் அதில் பிடிக்கும் எண்டு காட்டினார். 1960களின் தொடக்கத்தில் போவன் எண்டவர் அதுக்கு ஏற்ற பிசினை உருவாக்கினார். இன்றைய வெள்ளை அடைப்புகளின் அடித்தளம் அந்த இரண்டு பேரின் வேலைதான். ஒட்டுறபடியால் குடம் மாதிரி வெட்டத் தேவையில்லை. சூத்தையை மட்டும் எடுத்தால் போதும், நல்ல பல்லு மிஞ்சும். பிறகு ஒரு மூலை உடைந்தாலும் முழுக்கக் கழட்டாமல் அந்த மூலையை மட்டும் திருத்தலாம்.

ஆனால் ஒட்டுறது எண்டால் நிபந்தனைகளும் வரும். முதலில் றப்பர் தாளில் துளை போட்டுப் பல்லை அதுக்குள்ளால் எடுத்து, எச்சிலில் இருந்து பிரித்து வைக்க வேணும். அமிலம், கழுவல், காயவைத்தல், ஒட்டுமருந்து, வெளிச்சம் எண்டு வரிசையாகச் செய்ய வேணும். நடுவில் ஒரு துளி எச்சிலோ இரத்தமோ பட்டால் அந்த ஒட்டு பலவீனம். வெளிச்சம் ஆழத்துக்குப் போகாதபடியால் வழமையான கொம்போசிட்டை ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் படைகளாக வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்க வேணும். அதோடு இறுகேக்க பிசின் சுருங்கும், கன அளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று அளவில். சின்ன ஓட்டையில் அது தெரியாது. பெரிய ஓட்டையில் சுருங்குகிற பசை சுவர்களை உள்ளே இழுக்கும், அல்லது ஓரத்தில் விலகி மயிரிழை இடைவெளி விடும். அந்த இடைவெளியில் திரும்பவும் சூத்தை தொடங்கும். “வெள்ளை கொஞ்ச நாளில் கழண்டு விழும்” எண்ட ஊர்க்கதையின் பின்னால் இருப்பது இதுதான்: சாமான் கூடாததில்லை, அவசரத்தில் ஈரத்தோடு வைக்கப்பட்டிருக்கும்.

எங்கட ஆளின் டொக்டர் அடியை நேரடியாகக் கொம்போசிட்டால் கட்டவில்லை. முரசுக்குப் பக்கத்தில் உள்ள ஆழமான பகுதியைக் கிளாஸ் அயனோமர் எண்ட மூன்றாவது சாமானால் உயர்த்தி, அதுக்கு மேலே கொம்போசிட்டைப் படை படையாகக் கட்டினா. சாண்ட்விச் முறை எண்டே அதுக்குப் பெயர். கிளாஸ் அயனோமர் ஒரு வகைச் சீமெந்து, 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்சனும் கென்ற்றும் உருவாக்கினது. கண்ணாடித் தூளும் ஒரு அமிலமும் கலந்தால் வெளிச்சம் இல்லாமலே இறுகும், பல்லோடு தானே இரசாயன முறையில் பிணையும், கொஞ்சம் கொஞ்சமாகப் புளோரைட்டை வெளிவிடும். கொம்போசிட்டைவிட ஈரத்தைப் பொறுக்கும். குறை எண்டால் பலம் குறைவு. பெரிய ஓட்டைக்கு மேற்பரப்பில் தனியாக வைத்தால் கடிக்கிற விசையில் தேயும், உடையும்.

கைவிடக்கூடிய சாமான் எண்டு அதை நினைக்கக்கூடாது. 1980களில் தன்சானியாவில் மின்சாரமும் துளைக்கிற மெசினும் இல்லாத இடங்களில், கைக்கருவிகளால் மட்டும் சூத்தையைச் சுரண்டிவிட்டு அடைக்கிற முறை ஒன்று உருவானது. இன்றைக்கு அந்த முறையில் உலகம் முழுக்கப் பாவிக்கிறது கிளாஸ் அயனோமர்தான். சின்னப் பிள்ளைகளின் பல்லுக்கும், ஆழமான சூத்தையில் நரம்பு தப்புமோ எண்டு கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கவும் அது கைகொடுக்கும். அதே பொறுத்துப் பார்க்கிற வேலைக்கு இன்னொரு பழைய சாமானும் இருக்கு: நாக ஒட்சைட்டும் கராம்பு எண்ணெயில் இருக்கிற யூஜினோலும் கலந்த தற்காலிக அடைப்பு. பல் கிளினிக்கில் எங்களுக்குத் தெரிந்த அந்த மணம் அம்மம்மா பஞ்சில் தோய்த்து வைத்த கராம்பு மணம்தான். நோவைத் தணிக்கும், ஆனால் நிரந்தரம் இல்லை. அந்த எண்ணெய் மிச்சம் இருந்தால் மேலே வைக்கிற கொம்போசிட் ஒழுங்காக இறுகாது. தற்காலிக அடைப்போடு நோ போட்டுது எண்டு திரும்பிப் போகாமல் விடுகிறவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. அந்தப் பல்லுகள் பெரும்பாலும் பிறகு கழட்டுற மேசைக்குத்தான் போயிருக்கு.

இப்ப ஒப்பீடு. கடைவாய் நிரந்தரப் பல்லுகளில் அமல்கத்தையும் கொம்போசிட்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 2021 இல் கொக்ரேன் வெளியிட்ட மீளாய்வில், கொம்போசிட் தோற்கிற வாய்ப்பு அமல்கத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எண்டு வந்தது. முக்கிய காரணம் அடைப்பின் ஓரத்தில் திரும்ப வந்த சூத்தை. அந்தக் கணக்கின் பெரும்பகுதி மேலே சொன்ன இரண்டு சிறுவர் ஆய்வுகளில் இருந்து வந்தது, ஆதாரத்தின் உறுதி குறைவு எண்டு மீளாய்வே சொல்லுது. அதுக்குப் பிறகு பசையும் ஒட்டுமருந்தும் நல்லாகவே முன்னேறியிருக்கு. நிதானமாக, காய்ந்த இடத்தில், சூத்தை குறைவான வாயில் வைத்த கொம்போசிட் பல வருசம் நிற்கும். மூன்று நிபந்தனையையும் சேர்த்து வாசியுங்கோ: நிதானம், காய்ந்த இடம், சூத்தை குறைவான வாய்.

எங்கட இரண்டு பேரின் பல்லும் இன்றைக்கு நிற்குது. ஒன்றுக்கு அரை மணித்தியாலத்துக்கும் குறைவு, காசில்லை. மற்றதுக்கு ஒன்றரை மணித்தியாலம், அவரின் சம்பளத்தில் ஒரு நல்ல துண்டு. வெள்ளி அவசரத்தை மன்னிக்கிற சாமான். வைத்தியருக்கு நேரம் இல்லாத இடத்தில், நாற்பது பேர் வாங்கில் காத்திருக்கிற இடத்தில், எச்சிலை உறிஞ்சிற குழாய் ஒழுங்காக வேலை செய்யாத இடத்தில்கூட அது நின்றது. வெள்ளை எதையும் மன்னிக்காது. ஆகவே வெள்ளி போறது எண்டால் வெறும் சாமான் மாறுறது மட்டும் இல்லை, நேரம் மாறவேணும். ஒரு பல்லுக்கு மூன்று மடங்கு நேரம் எண்டால் அதே வரிசைக்கு மூன்று மடங்கு கதிரையும் ஆக்களும் வேணும். அதை யாரும் செய்யாமல் சாமானை மட்டும் மாற்றினால், காசுள்ளவருக்கு நல்ல வெள்ளையும் இல்லாதவருக்கு அவசர வெள்ளையும்தான் கிடைக்கும். அவசர வெள்ளை விழுந்தால் அடுத்தது கழட்டுறதுதான்.

கழட்டுறது சின்ன விசயம் எண்டு எங்கட வீடுகளில் நினைக்கிறவை. “பின்னுக்குத்தானே, ஆர் பாக்கிறது?” எங்களில் பல்லுக் கழட்டின இரண்டு பேரும் அந்த வசனத்தைக் கேட்டுத்தான் வளர்ந்தவை. முதலாம் கடைவாய்ப் பல்லு போனால் அடுத்த பல்லு அந்த வெளிக்குள் சரியும், எதிர்ப்பக்கப் பல்லு தன் இடத்தை விட்டு இறங்கத் தொடங்கும், சாப்பாடு அந்தச் சந்துகளில் சிக்கும், அங்கே புதுச் சூத்தை வரும். ஒருவருக்கு இப்ப சரிந்து நிற்கிற பல்லிலும் ஓட்டை. பதினாறு வயசில் கழட்டினது, இருபத்தாறில் இரண்டாவது பல்லைக் கேட்குது.

எல்லாப் பெரிய ஓட்டைக்கும் அடைப்புப் பதில் இல்லை எண்டதையும் சொல்ல வேணும். பாதிக்கு மேல் பல்லு போய், சுவர்கள் மெல்லிசாக நின்றால், வெளியில் செய்து கொண்டுவந்து ஒட்டுற ஒன்லே அல்லது பல்லை முழுக்க மூடுற கிறவுண் நல்லது. நரம்புச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கு முகடுகளை மூடிக் கட்டாமல் நடுவில் மட்டும் அடைத்துவிட்டால் பிளக்கிற ஆபத்து கூட. பிளவு வேர் வரைக்கும் போனால் காப்பாற்ற ஏலாது. நரம்புச் சிகிச்சைக்குக் காசு சேர்த்துக் கொடுத்துவிட்டு, கிறவுணுக்குக் காசில்லாமல் விட்ட பல்லுகளின் கதையை எல்லாரும் எங்கேயாவது கேட்டிருப்பியள். முழுக் கிறவுணுக்குக் காசில்லாத நேரத்தில் முகட்டை மூடின அடைப்பு ஒன்றாவது போட முடியுமோ எண்டு கேட்கலாம். எங்கட முதலாவது ஆளுக்கு டொக்டர் செய்தது அதுதான்.

கேட்கிறதுதான் எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. டொக்டருக்கு முன்னால் வாயைத் திறந்தால் பல்லைக் காட்டத்தான், கதைக்க இல்லை எண்டு பழகிவிட்டோம். விறைக்கிற ஊசி போட முன்னமே கேட்டுவிடுங்கோ. எவ்வளவு சுவர் மிச்சம்? ஓட்டை முரசுக்குக் கீழே போகுதோ, அந்த இடத்தைக் காயவைக்க ஏலுமோ? நரம்புக்கு எவ்வளவு கிட்ட? எல்லாச் சூத்தையையும் ஒரே நாளில் சுரண்டி நரம்பைத் திறக்கிறதுக்குப் பதிலாக, அடியில் கொஞ்சத்தை விட்டு மூடலாமோ? இப்ப பல வைத்தியர்கள் ஆழமான சூத்தையில் அப்படிச் செய்கிறார்கள். இண்டைக்கு வைக்கிறது தற்காலிகமோ நிரந்தரமோ, எப்ப திரும்ப வரவேணும்? இதுகளைக் கேட்ட பிறகு “வெள்ளியா வெள்ளையா” எண்ட கேள்விக்குப் பெரும்பாலும் பல்லே பதில் சொல்லிவிடும். நாங்கள் கண்ட வைத்தியர்களில் கேள்வி கேட்டதுக்காகக் கோவித்தவர்கள் மிகக் குறைவு. நேரம் இல்லாதவர்கள்தான் கூட.

எது வைத்தாலும் அது பல்லைப் போல இல்லை. அடைப்புக்கும் பல்லுக்கும் இடையில் உள்ள ஓரம் எப்பவும் பலவீனமான இடம். இரவில் பிரஸ் பண்ணாமல் படுத்தால், புளோரைட் பற்பசை இல்லாமல் விட்டால், நாளுக்கு ஐந்து தரம் சீனி போட்ட தேத்தண்ணி குடித்தால், எந்த நிறத்து அடைப்பின் ஓரமும் திறக்கும். எங்கட இரண்டு பேரும் இப்ப பிளேன்ரீயைச் சீனி இல்லாமல் பனங்கட்டியோடு கடித்துக் குடிக்கினம். பனங்கட்டியும் சீனிதான் எண்டு சொன்னால் கேட்கினமில்லை.

வீட்டில் ஆறு, ஏழு வயசுத் தம்பி தங்கச்சியோ மருமகளோ இருந்தால், இதை வாசித்து முடித்த கையோடு போன் ரோச்சை அடித்து வாயின் பின்பக்கம் பாருங்கோ. கீழே இரண்டு பக்கமும், மேலே இரண்டு பக்கமும், கடைசியில் புதுசாக ஒரு அகலமான பல்லு வந்திருக்கும். அது விழாத பல்லு எண்டு வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கோ. வெடிப்புகளுக்குச் சூத்தை வர முன்னமே பூசுற காப்புப் பூச்சு இருக்கு, பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் அதைப் பற்றிக் கேளுங்கோ. கறுப்புப் பொட்டு ஒன்று தெரிந்தால் இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கோ. இப்ப போனால் அது சின்ன ஓட்டை, எந்தச் சாமானும் சரிவரும்.